லாபம், ரெண்டு, மூணு

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு அந்த ஆடியோவில் ஒரு எண் கூடுதலாக இருந்தது.

குரு முதலில் இயர்போனைத்தான் சந்தேகப்பட்டான். கழற்றி, பனியனில் துடைத்து, மாட்டி, மறுபடி ஓடவிட்டான். பதினெட்டு விநாடி ஆடியோ அது. ஒரு மனிதர் மூச்சைப் பிடித்து இரும்பைத் தூக்கிக்கொண்டே எண்ணுவார்: லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. அதற்குப் பிறகு குருவின் சிரிப்பு. அவ்வளவுதான். களத்தில் ராகி அளக்கும்போது முதல் வள்ளத்தை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்வார்கள். அந்த மனிதர் அதே வாய்ப்பழக்கத்தில் ஜிம்மிலும் எண்ணியிருந்தார். அது ஊருக்கே சிரிப்பாக இருந்தது. முப்பத்தோராயிரம் பேர் அந்தக் குரலுக்கு வாயசைத்து ரீல்ஸ் போட்டிருந்தார்கள். தொப்பூரில் ஒரு பரோட்டா மாஸ்டர் மாவை அடித்துக்கொண்டே. கோயமுத்தூரில் ஒரு பல் டாக்டர் பல்லைப் பிடுங்கிக்கொண்டே. துபாயில் ஒருவன் எதற்கென்றே தெரியாமல். எல்லாரும் ஆறில் நிறுத்தினார்கள், ஏனென்றால் ஆறுக்கு மேல் கிடையாது.

இப்போது ஆறுக்கும் சிரிப்புக்கும் நடுவில் அந்தக் குரல் நிதானமாக, தொண்டையில் கொஞ்சம் சளியோடு, "ஏழு" என்றது.

மூன்றாவது முறை ஓடவிட்டபோது ஆறுதான் இருந்தது. நான்காவது முறையும் ஆறுதான். குரு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு ஜிம்மைச் சுற்றிப் பார்த்தான். சேலம் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அது. மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை மூடியிருக்கும். அந்த மூன்று மணி நேரமும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவன் தனியாக வீடியோ எடுத்துக்கொள்ளலாம் என்பது முதலாளி பக்ருதீன் பாய் கொடுத்திருந்த சலுகை. பாதி ஷட்டருக்கு அடியில் சித்திரை வெயில் ஒரு வெள்ளைப் பலகையாக உள்ளே நீண்டு கிடந்தது, கீழே கடையில் யாரோ டைல்ஸ் அறுக்கும் சத்தம் பல்லுக்குள் ஏறி ஏறி நின்றது, ரப்பர் பாயும் துருவும் காலையில் வந்த நாற்பது பேரின் வேர்வையும் சேர்ந்து வேகவைத்த மாதிரி ஒரு வாடை ஃபேன் காற்றில் சுற்றிச் சுற்றி மூஞ்சிக்கே வந்தது. சுவர்க் கண்ணாடிகளில் பன்னிரண்டு குருக்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் நன்றாகவே இருந்தார்கள்.

சூடு, என்று முடிவு செய்தான். ஃபோன் சூடானால் ஆடியோ இழுக்கும்.

அவன் பி.காம். முடித்தவன். முடித்தவன் என்று அவன் அம்மா சொல்கிறாள். பல்கலைக்கழகம் இன்னும் சொல்லவில்லை. அந்த ரீலுக்கு முன்னால் அவனைப் பின்தொடர்ந்தவர்கள் ஆயிரத்து நூறு பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள், மீதி சத்துமாவு விற்பவர்கள். அப்போதுதான் 'ஜிம் மரியாதை' என்று ஒரு தொடர் ஆரம்பித்தான். டம்பெல்லை எடுத்த இடத்தில் வை. பெஞ்சில் வேர்வையைத் துடை. அடுத்தவன் தூக்கும்போது குறுக்கே போகாதே. இப்படிப் பதினோரு விதி. ஒவ்வொரு விதிக்கும் அதை மீறுகிற ஒரு ஆளை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போடுவான். அடுத்தவரைத் தெரியாமல் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கலாம்தான். அது எந்த எண்ணிலும் வரவில்லை.

பன்னிரண்டாவது விதி, 'சத்தம் போட்டு எண்ணாதே.' அதில் அகப்பட்டவர்தான் மாரியப்பன். நல்லம்பள்ளிப் பக்கம் தக்காளி போடுகிறவர், ஐம்பத்து மூன்று வயது, சர்க்கரை. நடங்க, ஏதாவது தூக்குங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். சந்தை முடித்து நாலு மணிக்கு டிவிஎஸ்ஸில் வருவார். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிடுவார். ராடைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தூக்குவார். படுப்பதற்கு முன்னாலும் எழுந்த பிறகும் பெஞ்சைத் துடைப்பார். குரு அதுவரை போட்ட பதினோரு விதிகளையும் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் அவர்தான் என்று பாய் ஒருமுறை சொன்னார். பாய் அதைச் சிரிக்காமல் சொன்னதால் குரு அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவர் வெறும் ராடோடு படுத்திருந்தார். இருபது கிலோ. கேமராவுக்குப் பின்னாலிருந்து குரு சொன்னான், "ண்ணா, பன்னெண்டு போட்டாத்தான் ஒரு செட்டு." சரிங்க தம்பி என்று ஆரம்பித்தார். லாபம். ஆறில் குருவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பாதியில் ராடை மாட்டிவிட்டுத் திரும்பினார். ஃபோனைப் பார்த்தார். யாரோ ஃபோட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தலையைத் தடவிச் சரிசெய்து, சிரித்தார். ரீலின் கடைசிப் படம் அந்தச் சிரிப்பு. நாற்பத்திரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். குருவைப் பின்தொடர்வோர் எண்பத்தாறாயிரம். ரீலைத் தன் பக்கத்தின் உச்சியில், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், குத்தி வைத்திருந்தான். அது இல்லாமல் தான் யார் என்று யோசிக்கும்போது அவனுக்கு ஆயிரத்து நூறு என்ற எண்தான் நினைவுக்கு வரும்.

அவருடைய மகள் மூன்று முறை எழுதியிருந்தாள். "அண்ணா வணக்கம். நான் மாரியப்பன் பொண்ணு பாரதி. அந்த வீடியோவ எடுத்துடுங்கண்ணா. சந்தைல அப்பாவப் பாத்தா எல்லாரும் லாபம் லாபம்னு கத்துறாங்க. நேத்து கூடைய எறக்காமலே வூட்டுக்கு வந்துட்டாரு." குரு ஒரு பெருவிரலை அனுப்பினான். பெருவிரலுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, அதுதான் அதன் வசதி.

மாரியப்பன் அதற்குப் பிறகு ஜிம்முக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குரு பதிமூன்றாவது விதிக்கு வீடியோ எடுத்தான். ஷட்டரை முழுசாகவே இறக்கிவிட்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தில், தனியாக. எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது அவனுடைய குரல் சுத்தமாக, அழகாக வந்திருந்தது. "நண்பர்களே, ஜிம்முங்கறது உங்க வூட்டுத் தின்பண்ட ரூமு கிடையாது..." நடுவில் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், அவன் முதுகுக்குப் பின்னால் பெஞ்ச் இருந்த பக்கத்திலிருந்து, "எட்டு."

படத்தில் பெஞ்ச் தெரிந்தது. காலியாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்பு ரெக்சின் மேல் ஒரு முதுகின் அளவுக்கு ஈரம் பளபளத்தது.

அவன் உடனே திரும்பவில்லை. முதலில் படத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். தோள்பட்டை இரண்டும், நடுவில் முதுகெலும்பின் பள்ளமும். பிறகுதான் திரும்பினான். ரெக்சின் காய்ந்து கிடந்தது. கைவைத்தான். அந்தக் கொதிக்கிற மத்தியானத்தில், ட்யூப்லைட்டுக்கு அடியில், அது மட்டும் கிணற்றடிக் கல் மாதிரிச் சில்லென்றிருந்தது.

ஷட்டர் கிறீச்சிட்டு மேலேறியது. பக்ருதீன் பாய். கையில் ஒரு மாலை, கவரில் போட்டது.

"இங்கதான் இருக்கியா. கெளம்பு, நல்லம்பள்ளி வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

"என்ன பாய்?"

"மாரியப்பன் போயிட்டாருப்பா. நேத்து." பாய் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். "மோட்டார் ரூமுல பெயிண்டு டப்பா ரெண்டுல சிமெண்ட ஊத்தி, நடுவுல பைப்ப சொருகி, பலகைல படுத்துத் தூக்கிட்டு இருந்திருக்காரு. இங்க வர வெக்கமாம். பொண்ணு சொல்லி அழுவுது. தெனம் பன்னெண்டு போடப் பாப்பாராம், ஆறுக்கு மேல முடியலயாம். போட்டுட்டுத்தான் அங்க வருவேன், அந்தத் தம்பிகிட்ட போட்டுக் காட்டணும்னு சொல்லிட்டே இருந்தாராம்."

"எந்தத் தம்பிகிட்ட?"

பாய் அவனையே பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு உன்னத் தவிர வேற எந்தத் தம்பியும் அவருக்கு எண்ணிக் குடுக்கலயே."

"எத்தன மணிக்கு பாய்?"

"சாவுல மணி என்னத்துக்கு ஒனக்கு. ரெண்டரை இருக்கும்ங்கறாங்க. மார் மேல பைப்பு. பலகைல இருந்து எடுக்கவே நாலு பேரு வேண்டி இருந்துச்சாம், அந்தச் சின்ன பைப்புக்கு."

குரு போகவில்லை. வயிறு சரியில்லை என்றான். பாய் மாலையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவருடைய டிவிஎஸ் சத்தம் பைபாஸ் லாரிகளுக்குள் கரைகிற வரை குரு காத்திருந்தான். பிறகு ஒரு அஞ்சலி ரீல் செய்தான். கறுப்பு வெள்ளையில் அந்தச் சிரிப்பு, பின்னணியில் மெதுவான பியானோ, அதற்கு அடியில் அதே எண்ணிக்கை. 'எங்கள் ஜிம் குடும்பத்தின் மூத்த அங்கம்.' அழுகை முகங்கள் வந்து குவிந்தன. ராத்திரிக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பழைய ரீலையும் எடுக்கவில்லை, இப்போது அதைத் தேடித்தான் எல்லாரும் வருவார்கள்.

அவன் நன்றாகத் தூங்கினான். அதை அவனே பிறகு நினைத்துப் பார்த்தபோதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை குளிக்கும்போது நெஞ்சில் ஒரு கோடு பார்த்தான். இடது காம்புக்கு மேலிருந்து வலது காம்புக்கு மேல் வரை, ஒரு விரல் தடிமனுக்கு, துருவின் நிறத்தில். சோப்புப் போட்டான். போகவில்லை. அமுக்கினால் வலிக்கவில்லை, ஆனால் மூச்சை முழுசாக இழுக்கும்போது அந்த இடத்தில் மட்டும் ஏதோ உட்கார்ந்திருந்த மாதிரி முட்டியது. ஆயிரம் பேருக்கு நெஞ்சை எப்படி விரிப்பது என்று சொல்லித் தருகிறவனுக்கு இது அவமானமான வியாதி. யாரிடமும் சொல்லவில்லை.

அறையில் பனியன் மாட்டிக்கொண்டிருந்தான். ஃபோன் சார்ஜில், அணைந்து கிடந்தது. அடுப்படியில் அம்மா நிர்மலா சட்னிக்கு மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். மிக்ஸி நின்றது. அந்த இரண்டு விநாடி அமைதியில், கட்டிலுக்கு மறுபக்கத்திலிருந்து, தரையோடு தரையாக, படுத்திருக்கிற ஒருவரின் உயரத்திலிருந்து வந்தது.

"ஒம்போது."

நெஞ்சில் கோடு இறுகியது. ஒரு கிலோ கூடின மாதிரி.

"ஏன்டா குரு," அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "யாருடா உள்ள? யாரோ பெரியவரு எண்ணிட்டிருந்தாரே."

"ஃபோனும்மா."

"ஃபோனு ஹால்ல கெடக்கறத இப்பத்தான் எடுத்து உன் ரூமுல சார்ஜு போட்டேன். சுத்தமா ஆஃப் ஆயிருந்துச்சு." அவள் கட்டிலைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். "பாவம், மூச்சு வாங்கிட்டு எண்ணுறாரு. என்னமோ போ. சட்னி ஆறுது வா."

அவனுக்குச் சட்னி இறங்கவில்லை.

வியாழக்கிழமை அவன் வீட்டிலும் இருக்கவில்லை, ஜிம்முக்கும் போகவில்லை. கூட்டம் வேண்டும்போல இருந்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிருஷ்ணகிரி பஸ்கள் நிற்கிற பக்கத்தில், ஒரு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். கண்டக்டர்களின் கத்தல், டீசல் புகை, வெந்த கடலை வாசனை, யாருடைய குழந்தையோ விடாமல் அழுதது, தலைக்கு மேல் வண்டி நேரம் சொல்கிற பெண் குரல், எல்லாம் மூச்சு முட்ட முட்ட நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் காலேஜ் பெண் ஒருத்தி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தாள். வந்தது அந்த ஆடியோ. லாபம், ரெண்டு. அவன் காதைப் பொத்தினான். அடுத்த பெஞ்சில் ஒரு ஃபோன். மூணு, நாலு. ஜூஸ் கடைக்காரனின் ஃபோன். பஸ் சன்னலில் ஒரு ஃபோன். வெவ்வேறு இடத்தில் ஆரம்பித்தவை ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடி, ஆறில் வந்து சேர்ந்துகொண்டன. சிரிப்பு வரவில்லை. இரைச்சல் மொத்தமும் ஒரு தடவை மூச்சிழுத்த மாதிரி அடங்கியது. எல்லா ஃபோனும் சேர்ந்து:

"பத்து."

அவன் முன்னால் குனிந்துவிட்டான். அந்தக் கோடு நெஞ்சை உள்ளே தள்ளியது.

"ஏம்மா," என்றான் அந்தப் பெண்ணிடம். "இப்ப எது வரைக்கும் எண்ணுச்சு?"

"ஆறு வரைக்கும்தாண்ணா." அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "ஐயோ, நீங்கதானே அத போட்டவரு! லாபம் அண்ணா! ஒரே ஒரு செல்ஃபிண்ணா, ப்ளீஸ்." எடுத்தாள். பார்த்தாள். முகம் சுருங்கியது. "என்னண்ணா இப்படி இருக்கீங்க. எடிட் பண்ணிப் போட்டுக்கறேன்."

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் அந்த ரீலை அழித்தான்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, அரை மணி நேரம் பெருவிரலை அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, அழித்தான். இந்த ஆடியோவை எடுத்துப் போட்ட எல்லா ரீல்களிலும் குரல் போய்விடும், நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆமாம். அஞ்சலி ரீலையும். உச்சியில் அது இருந்த இடத்தில் புரோட்டீன் பொடி விளம்பரம் ஒன்று வந்து உட்கார்ந்தது. வத்தல்மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. எங்கேயும் எந்தச் சத்தமும் இல்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மூச்சு அடி வரைக்கும் போய் வந்தது. அவனுக்கு அழுகை வந்தது, நல்ல மனிதனாகிவிட்டதால் வந்த அழுகை என்று அவன் அதை எடுத்துக்கொண்டான். அந்தச் சூட்டிலேயே பாரதிக்கு எழுதினான்: எடுத்துட்டேன்மா.

உடனே ஃபோன் அடித்தது.

"அண்ணா." மூக்கடைத்த, சின்னக் குரல். பின்னால் வீடு நிறைய ஆட்களின் சத்தம். "எடுத்துட்டீங்களா?"

"ஆமாம்மா. மொதல்லயே..."

"ஏண்ணா இப்ப எடுத்தீங்க?"

அவனுக்குப் புரியவில்லை.

"அப்பா குரலு எங்க வூட்ல வேற எதுலயுமே இல்லண்ணா. ஃபோட்டோ இருக்கு. ஆதார் கார்டு இருக்கு. குரலு அது ஒன்னுலதான். திங்கக்கெழம ராத்திரில இருந்து அதத்தான் போட்டுப் போட்டுக் கேட்டுட்டிருந்தேன். அம்மாவுக்கும் அதத்தான் காதுல வெச்சேன். உசுரோட இருக்கையில எடுங்கன்னு கெஞ்சினேன், எடுக்கல. செத்ததுக்கப்புறம் இருந்த ஒன்னையும் எடுத்துட்டீங்களே."

மன்னிச்சுக்கம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். உதடுகள் அந்தச் சொல்லுக்காக ஒட்டவும் செய்தன. ஆனால் அடிவயிற்றிலிருந்து, நெஞ்சுக் கோட்டைத் தாண்டி, சளியும் மூச்சிரைப்புமாக, ஐம்பத்து மூன்று வயதுக் குரல் ஒன்று அவன் தொண்டை வழியாக ஏறி வந்தது.

"பதினொன்னு."

மறுமுனையில் அத்தனை பேர் சத்தமும் இருந்தது. அதிலிருந்து அவள் ஒதுங்கி வருவது கேட்டது.

"அப்பா?" என்றாள்.

குரு வாயைப் பொத்திக்கொண்டான்.

"அப்பா..." அவள் அழவில்லை. குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில், ஃபோனுக்கு மிக அருகில் வந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாகச் சொன்னாள். "இன்னும் ஒன்னுதாம்ப்பா. போட்டுருப்பா."

அவன் கட் பண்ணினான். அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. அம்மா கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். சாப்பாட்டுக்குக்கூட உதட்டைக் கொஞ்சம்தான் பிரித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றே முக்கால். ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போனான். இந்த முறை முழுசாகத் தூக்கி வைத்தான், வெளியே ரோடு தெரிந்தால் நல்லது என்று. ஒன்றுதானே. அவர் விட்ட ஒன்றை அவருக்காகப் போட்டுவிட்டால் செட் முடிந்தது. செட் முடிந்தால் ஆள் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும், எந்த ஜிம்மிலும் அதுதான் வழக்கம். கணக்காக யோசித்தபோது அவனுக்கே தன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அவன் நூறு கிலோ போடுகிறவன். இது வெறும் ராடு. இருபது.

ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தினான். கேமரா இல்லாமல் இரும்பைத் தொட அவனுக்கு வராது. லைவ் போனது. எதற்கு என்று கேட்டால் சாட்சிக்கு என்று சொல்லியிருப்பான். நூறு பேர், முந்நூறு பேர். 'ரீல் எங்க ப்ரோ.' 'லாபம் எங்க ப்ரோ.'

படுத்தான். ரெக்சின் அவன் முதுகுக்கு அடியில் ஈரமாக இருந்தது. ஏற்கெனவே ஈரமாக. சில்லென்று. யாரோ எழுந்து போன கையோடு படுத்த மாதிரி. எழுந்துவிடலாம் என்று உடம்பு சொன்னது. ராடைப் பிடித்தான். கொக்கியிலிருந்து எடுத்தான். லேசாக இருந்தது, சிரிப்பு வருகிற அளவுக்கு லேசாக. இறக்கினான். நெஞ்சிலிருந்த கோட்டின் மேல், அளவெடுத்துச் செய்த மாதிரி, ராடு வந்து உட்கார்ந்தது.

தள்ளினான்.

வரவில்லை.

மறுபடி தள்ளினான். ராடு அசையவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்துவிடலாம். சாயவில்லை. கீழே டைல்ஸ் அறுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கத்தினான். காற்று மட்டும் வந்தது. உள்ளே இழுத்த மூச்சு பாதி. அடுத்தது கால். தலையைத் திருப்பி ஃபோனைப் பார்த்தான். எழுத்து ஏறிக்கொண்டே போனது. 'செம நடிப்பு.' 'வெறும் ராடுக்கா ப்ரோ, ஹாஹா.' 'மாரியப்பன் அண்ணன் மாதிரியே பண்றான் பாருங்கடா.' நாலாயிரம் பேர். இதயங்கள் கீழேயிருந்து கிளம்பி மேலே போய் மறைந்தன.

படியில் காலடி.

நாலு மணி ஆட்கள். மாதவராஜ், அர்ச்சுனன், பேர் தெரியாத இரண்டு பேர், பின்னால் பாய். நன்றி என்று நினைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. காலால் தரையை உதைத்தான். பாருங்கடா.

பார்த்தார்கள். மாதவராஜ் ஸ்டாண்டில் இருந்த ஃபோனைப் பார்த்தான், லைவ் என்ற சிவப்பைப் பார்த்தான். "டேய், ஷூட்டுடா," என்றான். எல்லாரும் சட்டென்று ஒதுங்கி, படத்துக்குள் வராமல், சுவர் ஓரமாக வந்து நின்றார்கள். பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்தார்கள். அர்ச்சுனன் குனிந்து நல்ல கோணம் பார்த்தான். "மூஞ்சி எப்படி செவக்க வைக்கறான் பாரு. இதுக்கெல்லாம் தனித் திறமை வேணும்."

பாய் ஒரு அடி முன்னால் வைத்தார். "டேய், நெஜமாலுமே..."

"உஷ்," என்றான் மாதவராஜ். "ஆடியோ கெடும் பாய்."

பாய் நின்றுவிட்டார்.

அமைதி. ஃபேன்கூட நின்றிருந்தது. கீழே மிஷினும். யாரும் எண்ணவில்லை. அதுதான். அவன் அந்தப் பன்னிரண்டுக்காகக் காத்திருந்தான், இப்போது அது வர வேண்டும், வந்தால் முடிந்துவிடும். வரவில்லை. யாரும் சொல்லவில்லை. விலா எலும்பு ஒன்று மெல்ல, பச்சைக் குச்சி வளைகிற மாதிரி, வளைந்தது.

அப்போது அவன் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. ராடைப் பிடித்திருந்த அவன் கைகளின் மேல், விரலுக்கு மேல் விரலாக, அமைதியாகப் பொருந்தின. நகத்துக்குள் மண். தக்காளிச் செடியின் பச்சைக் கறை. குளிர்ந்து, ஈரமாக, கனிவாக.

அவை தூக்குகின்றனவா அமுக்குகின்றனவா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் பார்வை நிமிர்ந்தபோது ஐந்தாவது ஃபோனும் மேலே எழுந்தது. பாயுடையது, பழையது, ஓரத்தில் விரிசல் விட்டது. ஐந்து சின்னச் சின்ன லென்ஸ் கண்ணாடிகளிலும் பெஞ்சில் அவன் மட்டும் படுத்திருந்தான், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. அவன் விரல்களின் மேல் அந்த விரல்கள் இறுகின.